சாத்தூரில் நீங்கள் வைத்த கைநாட்டு

மதினி,

போன வாரம் ஊரிலிருந்து அண்ணன் ஒரு பார்சல் அனுப்பியிருந்தார். பினாங்கில் எங்கள் மளிகைக் கடைக்கு வரும் எந்தப் பார்சலையும் பிரிப்பதற்கு முன் நான் திருப்பித் திருப்பிப் பார்ப்பேன். கயிற்றின் முடிச்சு மாறியிருக்கிறதா, யாராவது பிரித்துப் பார்த்துவிட்டு மறுபடி ஒட்டியிருக்கிறார்களா என்று. என் குணம் உங்களுக்குத் தெரியாததா? அட்டையைப் பிரித்ததுமே தீப்பெட்டிப் பசையின் வாசனை, அதில் கலக்கும் மயில்துத்தத்தோடு மூக்கில் ஏறியது. சிவகாசியில் நீங்களும் நானும் எதிரெதிரே உட்கார்ந்து பெட்டி ஒட்டிய வாசனை. உள்ளே உங்கள் படம் இருந்தது, பதினாறாம் நாள் மாலை போடுவதற்காகச் செய்தது.

யாரோ வேறு பெண்ணின் படத்தை மாற்றி அனுப்பிவிட்டார் என்றுதான் முதலில் நினைத்தேன். காலண்டர் லட்சுமியைப் போல முகம் வழவழவென்று இருந்தது. கல்யாணத்துக்கு முன்னால் தீப்பெட்டிக் கம்பெனியில் மருந்து பொரிந்து உங்கள் தாடையைச் சுட்டதே, அந்தத் தழும்பு எங்கே? படத்துக்குப் பின்னால் அண்ணன் எழுதியிருந்தார்: ‘டச்சிங் நானே போட்டேன். நன்றாக வந்திருக்கிறதா?’

அதைப் படித்தபோது எனக்கு அழுகை வரவில்லை மதினி. சந்தேகம்தான் வந்தது. எட்டு வருஷமாக உங்கள் மேல் வைத்திருந்த சந்தேகம் முதல் தடவையாக ஆள் மாறி உட்கார்ந்தது. கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். ஆனால் என் மனசுக்குள் அது எப்படி ஓடியது என்பது உங்களுக்குத் தெரியாது. அதனால் முதலிலிருந்து சொல்கிறேன்.

கல்யாணமாகி மூன்றே மாதத்தில் இவர் கப்பல் ஏறிவிட்டார். அப்பா அம்மா இல்லாத நான் அண்ணன் வீட்டில், உங்களோடு. இவருக்கு இங்கே நிரந்தரமாகத் தங்கும் உரிமை இருந்தது. அதை வைத்து எனக்கும் வாங்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. கல்யாணப் பத்திரிகை, முன்சீப் கையெழுத்து, மதுரையில் இருந்த எங்கள் ஜில்லாக் கலெக்டர் கச்சேரி, மெட்ராஸ், பினாங்கு என்று காகிதம் போனது, வந்தது, மறுபடி போனது. ஒரு தடவை முத்திரை தெளிவில்லை என்றார்கள். இன்னொரு தடவை இவருடைய அப்பா பெயர் ஒரு காகிதத்தில் முழுதாகவும் இன்னொன்றில் முதலெழுத்தாகவும் இருக்கிறது என்றார்கள். மூன்று வருஷம் இப்படியே தேய்ந்தது. நான்காவது வருஷம் இவரிடமிருந்து ஒரு கடிதம். புருஷனைப் பிரிந்து ஐந்து வருஷம் ஆன பெண்களை இனி உள்ளே விடப்போவதில்லை என்று இங்கே பேச்சாக இருக்கிறது, சீக்கிரம் ஏற்பாடு செய் என்று எழுதியிருந்தார். அன்றிலிருந்து நான் நாளை எண்ண ஆரம்பித்தேன். ஐந்து முடிந்தால் நான் வாழாவெட்டி. அவர் குற்றமும் இல்லை, என் குற்றமும் இல்லை, ஆனால் தெரு அப்படித்தான் சொல்லும்.

அந்தச் சமயத்தில்தான் புதுப் படம் கேட்டார்கள். நான் ஸ்டுடியோவுக்குப் போய் உட்கார்ந்து வந்தேன். நெகட்டிவை வாங்கிவந்து பிரிண்ட் போட்டு அனுப்பியது அண்ணன்தான். அப்போது அவர் லித்தோ அச்சகத்தில் டச்சிங் ஆர்டிஸ்ட். சாமி படமானாலும் சோப்பு விளம்பரமானாலும் முகத்தில் ஒரு புள்ளி, ஒரு கோடு தங்க விடமாட்டார். மனுவில் அங்க அடையாளம் என்ற இடத்தில், இடது புருவத்தின் மேல் தழும்பு என்று நானே எழுதியிருந்தேன். சின்ன வயதில் கிணற்றடியில் வழுக்கி விழுந்தது. படத்தை ஒட்டி உறையில் போடும்போது நான் கம்பெனிக்குப் பெட்டி கொடுக்கப் போயிருந்தேன். பார்க்கவே இல்லை.

அதற்குப் பிறகு ஒரு பதிலும் இல்லை. ஆவணி போனது, புரட்டாசி போனது. தபால்காரரைத் தெருவில் மறித்துக் கேட்டேன். “தாயி, நான் என்ன தபாலைத் திங்கவா செய்யுதேன்? வந்தா தராம இருப்பேனா?” என்றார். அவர் முகத்தில் பொய் இல்லை. அப்படியானால் பொய் வீட்டுக்குள் இருக்கிறது என்று கணக்குப் போட்டேன். பகலில் வீட்டில் இருப்பது நீங்கள். நான் போய்விட்டால் பெட்டி ஒட்ட ஒரு ஜோடிக் கை குறையும். போதாதா? நீங்கள் சிரித்தால் ஏன் சிரிக்கிறீர்கள் என்று பார்த்தேன். பேசாமல் இருந்தால் எதை மறைக்கிறீர்கள் என்று பார்த்தேன். எனக்குத் தட்டில் ஒரு கரண்டி அதிகமாக விழுந்தால் அதையும் விடவில்லை. மனசாட்சி குத்துகிறது போல என்று நினைத்துக்கொண்டே அதையும் சாப்பிட்டேன்.

கார்த்திகையில் நீங்கள் திருத்தங்கலில் ஒரு சடங்கு வீட்டுக்குப் போனீர்கள். நான் தலைவலி என்று சொல்லிவிட்டு இருந்துகொண்டேன். தலைவலி ஒன்றும் இல்லை, உங்கள் பெட்டியைத் திறப்பதற்காகத்தான் இருந்தேன். கூரைப் புடவைக்கு அடியில் நீளமான பழுப்பு உறை. என் பெயர் எழுதியது. பிரித்தது.

நீங்கள் வந்து காலைக்கூடக் கழுவவில்லை. அதற்குள் உறையை முகத்துக்கு நேரே நீட்டினேன். அண்ணன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“இது எப்ப வந்துச்சு மதினி?”

நீங்கள் அண்ணனைப் பார்த்தீர்கள். பிறகு என்னைப் பார்த்தீர்கள். “ஆடி மாசம்.”

“ஏன் எங்கிட்டத் தரல?”

“மறந்து வச்சிட்டேன் தாயி.”

“மறந்து வைக்கிறவுக சேலைக்கு அடியிலயா வைப்பாக? நான் இங்கனயே கெடந்து சாகணுமா? அதுக்குத்தான?”

“எம்மேல தப்புத்தான். பேசு. எம்புட்டு வேணும்னாலும் பேசு.”

பேசினேன். உங்களுக்குப் பிள்ளை இல்லாததையும் சேர்த்துப் பேசினேன். அதை இங்கே திருப்பி எழுத என் கை வரவில்லை. அண்ணன் தலையைத் தூக்கவில்லை. ஒரு வாய் சோற்றையே பிசைந்துகொண்டிருந்தார். பொம்பளைச் சண்டையில் நமக்கென்ன என்று இருக்கிறார் என்று நினைத்தேன். இவ்வளவு சந்தேகப்பட்ட நான், அந்தப் பிசைதலைச் சந்தேகப்படவில்லை பாருங்கள். உங்களுக்கு எழுத்தே தெரியாது. ஓர் இங்கிலீஷ் கடிதத்தில் என்ன இருக்கிறது என்று தெரிந்து நீங்கள் எப்படி ஒளித்து வைப்பீர்கள்? அந்தக் கேள்வியும் எனக்கு வரவில்லை.

மறுநாள் உறையை ஒரு வக்கீல் குமாஸ்தாவிடம் கொண்டுபோனேன். படத்தில் தழும்பு இல்லை, படத்தில் இருப்பது மனுதாரர்தானா என்று சந்தேகம், இரண்டு மாதத்துக்குள் விளக்கம் வேண்டும் என்று எழுதியிருப்பதாகச் சொன்னார். கெடு முடிந்து வெகு நாளாகியிருந்தது. படத்தைப் பற்றி அண்ணனிடம் கேட்டேன். “ஸ்டுடியோக்காரன் வேலையா இருக்கும். அவனுக்கு யாரு சொன்னா?” என்று சொல்லிவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

புதுப் படத்தையும் பதிலையும் அனுப்பினேன். விசாரணைக்குச் சாத்தூர் தாலுகா கச்சேரிக்கு வரச் சொன்னார்கள். தழும்பு பழையது, இவள்தான் அவள் என்று குடும்பத்தில் ஒருவர் சத்தியம் செய்ய வேண்டும். அண்ணன், காலண்டர் சீசன், ஆர்டர் குவிந்து கிடக்கிறது, அரை நாள்கூட விடமாட்டார்கள் என்றார். நீங்கள் புடவை மாற்றிக்கொண்டு வந்து நின்றீர்கள். “நான் வாரேன்.”

பஸ்ஸில் நான் உங்கள் பக்கத்தில் உட்காரவில்லை. என்னை விசாரித்து வெளியே அனுப்பிவிட்டு உங்களைக் கூப்பிட்டார்கள். எனக்குப் பத்து நிமிஷம் ஆனது. உங்களுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. வாசலில் வேப்பமரத்தடியில் நின்று நான் வெந்துகொண்டிருந்தேன். இவ்வளவு நேரம் சொல்வதற்கு இந்தப் பெண்பிள்ளைக்கு என்ன இருக்கிறது? என்னைக் கவிழ்க்கத்தான் போயிருக்கிறாள் என்று நினைத்தேன். நீங்கள் கட்டைவிரல் மையைத் தலைமுடியில் துடைத்துக்கொண்டே வந்தீர்கள்.

“உள்ள என்ன சொன்னீக?”

“கேட்டதுக்குச் சொன்னேன். வா, பஸ்ஸு போயிரும்.”

தையில் அனுமதி வந்தது. ஐந்து வருஷம் முடிய நாற்பது நாள்கூட இல்லை. நீங்கள் என்ன சொல்லிக் கெடுக்கப் பார்த்தும் என் அதிர்ஷ்டம் காப்பாற்றியது என்று நினைத்தேன். கப்பலுக்குக் கிளம்பிய அன்று விருதுநகர் ஸ்டேஷனில் ஜன்னல் வழியாகப் புளியோதரைப் பொட்டலம் கொடுத்தீர்கள். ரயில் நகர்ந்ததும் அதை எதிரே இருந்த அம்மாளிடம் கொடுத்துவிட்டேன். அந்த அம்மாள் சாப்பிட்டுவிட்டு, “யாரு செஞ்சது? நல்லா இருக்கே” என்று கேட்டாள். தெரியாது என்றேன்.

அதற்குப் பிறகு எட்டு வருஷம். அண்ணனுக்கு மாதம் ஒரு கடிதம் போட்டேன். ஒன்றில்கூட உங்களை விசாரித்ததில்லை.

இப்போது உங்கள் படத்தைப் பார்த்ததும் என் பழைய காகிதக் கட்டை எடுத்தேன். நிராகரித்துத் திருப்பி அனுப்பிய படம் அதில் இருந்தது. கண்ணுக்கு அருகே கொண்டுபோய்ப் பார்த்தேன். புருவத்தின் மேல் ஊசிமுனையால் குத்தியதுபோலச் சின்னச் சின்னப் புள்ளிகள். உங்கள் தாடையிலும் அதே புள்ளிகள். அண்ணன் கை. தங்கச்சி அழகாகத் தெரியட்டும் என்றுதான் செய்திருப்பார், அதை நான் சந்தேகப்படவில்லை. கடிதம் வந்ததும் பயந்திருப்பார். சர்க்கார் காகிதத்தில் கை வைத்ததற்குக் கேஸ் வருமோ, வேலை போகுமோ என்று. இதை எங்கேயாவது வை என்று உங்களிடம் கொடுத்திருப்பார்.

அந்தக் கட்டில் தட்டச்சு செய்த ஒரு இங்கிலீஷ் காகிதமும் இருந்தது. அனுமதியோடு சேர்ந்து வந்தது. காரியம் முடிந்துவிட்டதே என்று நான் அதைப் படிக்கக் கேட்டதே இல்லை. நேற்று கடைத்தெருவில் மனு எழுதிக் கொடுப்பவரிடம் கொண்டுபோனேன். சாத்தூரில் நீங்கள் கொடுத்த வாக்குமூலத்தின் நகல் அது என்றார். ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னார்.

‘இவள் என் நாத்தனார். தழும்பு சிறு வயதில் ஏற்பட்டது. ஸ்டுடியோவில் தழும்பை மறைக்கச் சொன்னது நான். தபாலை வாங்கி ஒளித்து வைத்ததும் நான். இவள் வெளிநாடு போவது எனக்குப் பிடிக்கவில்லை. இரண்டும் என் நாத்தனாருக்கோ என் கணவருக்கோ தெரியாது. பொய் சொன்னால் தண்டனை உண்டு என்று எனக்கு விளக்கப்பட்டது. இடது கைப் பெருவிரல் ரேகை.’

“பொல்லாத மதினியா இருக்காகளே உங்களுக்கு” என்றார் மனு எழுதுபவர். காகிதத்தை அவர் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

நான் உங்களைப் பற்றி நினைத்த ஒவ்வொன்றையும் நீங்களே சொல்லிச் சத்தியம் செய்திருக்கிறீர்கள். அதை நம்பித்தான் எனக்கு அனுமதி கொடுத்திருக்கிறார்கள். இந்த ஊரில் எனக்கு வீடு, கடை, மூன்று பிள்ளைகள். எல்லாம் உங்கள் பொய்ச் சத்தியத்தின் மேல் நிற்கிறது.

அண்ணனுக்கு இன்னும் பதில் போடவில்லை. படம் நன்றாக வந்திருக்கிறதா என்று கேட்ட மனிதருக்கு என்ன எழுதுவது? என் புத்தி இப்போதும் சும்மா இல்லை மதினி. ஏன் செய்தீர்கள் என்று துருவிக்கொண்டே இருக்கிறது. எனக்காகவா? அண்ணனைக் காப்பாற்றவா? இல்லை, இந்தச் சந்தேகப் பிராணி எப்படியாவது வீட்டை விட்டுத் தொலைந்தால் போதும் என்றா? மூன்றாவதாகவே இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். உங்களைப் பற்றி நான் கெட்டதாக நினைத்ததில் ஒன்றாவது உண்மையாக இருந்துவிட்டுப் போகட்டும்.