பாட்டி சொல்லாத பெயர்

ஞாயிறு, தைப் பொங்கல் கழிந்த வாரம்

சிங்கப்பூரில் வேலை செய்யும் பேத்தி கவிதா எங்கள் வம்சத்தை எழுத ஆரம்பித்திருக்கிறாள். என் அப்பாவின் அப்பா பெயரைக் கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. அந்தப் பெயர் போட்டிருந்த அப்பாவின் ஐசி அடையாள அட்டையும் வெள்ளத்தில் போய்விட்டது. அப்பாவைப் பெற்ற பாட்டி தன் புருஷன் பெயரைச் சாகும்வரை சொன்னதில்லை.

லாபிஸ் ஊரில் இருக்கும் பெரியப்பா மகள் ராசம்மாவுக்குத் தெரிந்திருக்கும். என் மகள் கல்யாணத்தில் சாப்பிடாமல் எழுந்து போனவள். அன்றிலிருந்து பேச்சில்லை. பேத்திக்காக இன்று நானே போன் போட்டேன்.

“இப்பதான் அக்கா ஞாபகம் வந்துச்சா?”

“தாத்தா பேரு தெரிஞ்சா சொல்லுக்கா.”

“அலமாக், இதுகூடத் தெரியாதா! எங்க அண்ணன் மாரிமுத்துவ பாட்டி பேரு சொல்லிக் கூப்பிட்டுப் பாத்திருக்கியா?”

இல்லை. மற்ற பேரன்களைப் பெயர் சொல்லி அழைத்த பாட்டி, அவரை மட்டும் “பெரியவனே” என்பார்.

“தாத்தா பேரத்தானே அண்ணனுக்கு வச்சாங்க. பாட்டி எப்படிக் கூப்பிடும்?”

“பெரியவனே” என்ற பாட்டியின் குரல் இன்னும் காதில் இருக்கிறது. ஏன் என்று மட்டும் நான் யோசித்ததே இல்லை.

ராசம்மாவுக்கு மனதார நன்றி சொன்னேன். மன்னிக்கவில்லை, அது வேறு கணக்கு. ஆனாலும் அவள் நல்லா இருக்கட்டும். அவள் இல்லையென்றால் தாத்தா பெயர் தெரியாமலே போயிருப்பேன்.

கவிதாவுக்குப் போனில் பெயரைச் சொல்ல, அவள் எழுதி முடித்ததும் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். மாரிமுத்து. பாட்டிதான் சொல்லக் கூடாது, அவர் பேத்தி நான் சொல்லலாம்.