பையின் மேல் என் பெயர்

அன்பு மனைவி ஓடெஸாவுக்கு,

நலம். உன் முழங்கால் வலி குறைந்ததா? இந்த முறை யாரையும் எழுதச் சொல்லவில்லை, புதிதாகக் கற்ற எழுத்தில் இதை நானே எழுதுகிறேன். ஒரு வரிக்கு ஒரு காப்பி ஆகிறது.

ஹெல்மெட் போட்டு முட்டி மோதும் அமெரிக்கக் கால்பந்தில் நம் இளம் அணி பன்னிரண்டாவது ஆட்டத்திலும் தோற்றது. ரசிகர்கள் வெட்கத்தில் காகிதப் பையால் முகத்தை மூடியிருந்தார்கள். பக்கத்திலிருந்த டெல்மர் எனக்கும் ஒன்று நீட்டினான்.

"மாட்டிக்க பெருசு. இவனுங்க சட்டைய நீதான் தொவைக்கிறேன்னு தெரிஞ்சா மானம் போயிரும்."

வாங்கி, அதன்மேல் 'கிளைட் ஹாப்சன், இவர்கள் சட்டையைத் துவைப்பவன்' என்று பிழையில்லாமல் எழுதினேன். ஆட்டம் முடியும்வரை தலைக்குமேல் தூக்கிப் பிடித்திருந்தேன்.

வேலையை விட்டு வரச் சொல்கிறாய். இன்னும் இரண்டு ஆட்டம் இருக்கிறது, வரமாட்டேன்.

கம்பளிக் காலுறை அனுப்பு. உன் தலையணை உறை ஒன்றும் அனுப்பு, துவைக்காமல்.

சலவை இயந்திரம் சுற்றி முடித்து நின்றுவிட்டது, போகிறேன்.

உன் கிளைட்