செங்கல் தாவிய கோடை

இன்று காலை என்னிடம் ஓட்டப் பயிற்சிக்கு வந்த ஒரு பெண்ணின் கையில் ஸ்பிரிட் வாசனை அடித்தது. ஊசி போட்டுப் பஞ்சால் துடைத்த வாசனை. அவ்வளவுதான். உன் ஞாபகம் வந்துவிட்டது.

இரும்புலியூர் மைதானத்தில் நாம் அடித்த கூத்து கொஞ்சமா? ஒலிம்பிக் முடிவுகள் பேப்பரில் வந்தால் மறுநாளே ஸ்டாப் வாட்ச்சோடு வந்து நிற்பேன். நீ நானூறு மீட்டர் ஓடுவாய். தங்கம் வாங்கியவள் ஓடி முடித்த நேரம் ஆனதும் விசில் ஊதுவேன். அந்த நொடியில் நீ எங்கே இருக்கிறாயோ அங்கே ஒரு அரைச் செங்கல் வைப்போம். செங்கல்லிலிருந்து முடிவுக் கோடு வரைக்கும் உள்ளதுதான் உனக்கும் உலகத்துக்கும் உள்ள தூரம். "இன்னாடி, அவ பஸ் புடிச்சு வூட்டுக்கே போயிருப்பா போல" என்று மூச்சிரைக்கச் சிரிப்பாய்.

செங்கல் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்தது. பிறகு அந்தப் புது கோச் வந்தார். சத்து ஊசி என்றார். ஒரே கோடையில் செங்கல் தாவியது. நீ குதித்தாய். உன் குரல் மாறிக்கொண்டிருந்தது. வாசலில் நின்று நீ கூப்பிட்டால், "யாரோ பையன் வந்திருக்கான் பாரு" என்பாள் என் அம்மா.

"வேணாம்டி, எனக்கு பயமா இருக்கு" என்றேன்.

"சும்மா பேஜார் பண்ணாத. சத்துக்குப் போட்டுக்கினா தப்பா?"

அப்புறம் ஒருநாள், நாம் ஆசையாகப் பிரிக்கும் அதே விளையாட்டுப் பக்கத்தில் வந்தது அந்தச் செய்தி. ஊக்கமருந்து ஊசி போட்டுக்கொண்டான் என்று ஆண்கள் ஓட்டத்தில் தங்கம் வாங்கியவனிடமிருந்தே பதக்கத்தைப் பிடுங்கிவிட்டார்கள். அன்று நீ ஓடவில்லை. "மெடல் போனா போவுது. உடம்பு இன்னா ஆவும்டி?" என்று அந்தக் கட்டைக் குரலில் கேட்டாய்.

நீ ஊசியை நிறுத்தினாய். கோச் ஊரைவிட்டே போய்விட்டார். கல்யாணமாகிப் பீர்க்கன்கரணைக்குப் போனாய். சில வருஷத்தில் ஈரல் கெட்டுவிட்டது என்று உன்னை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அந்த ஊசியாலா என்று டாக்டரிடம் கேட்டேன். "எந்த ஊசிம்மா?" என்றார். பெயர்கூட நமக்குத் தெரியாதே! பாவி, அதையாவது நீ கேட்டு வைத்திருக்கக் கூடாதா? அதனால்தான் செத்துப் போனாயா, வேறெதனாலோ போனாயா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

இப்போது நான் பிள்ளைகளை ஓடவைக்கிறேன், அதே மாதிரி செங்கல் வைக்கிறேன். அது சற்று அதிகமாக நகர்ந்துவிட்டால் பெற்றவர்கள் கைதட்டுகிறார்கள், நான் ஓடிய பிள்ளையின் கையில் ஊசித் தடம் தேடுகிறேன்.

இன்று வந்த அந்தப் பெண்ணிடம் என்ன ஊசி என்று அதட்டினேன். "ஆணி குத்திடுச்சு மிஸ், டி.டி. போட்டாங்க" என்று காலைத் தூக்கிக் காட்டினாள். காயம் இருந்தது. அப்படியும் எனக்கு மனசு ஆறவில்லை.

"ஏதாவது பேசு" என்றேன்.

"இன்னா மிஸ் பேசறது?"

"உன் பேரைச் சொல்லு. சத்தமா."

திருதிருவென்று விழித்துவிட்டுச் சொன்னாள். கீச்சுக் குரல். இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டேன். அப்புறம்தான்டி எனக்கு மூச்சு வந்தது.