எத்தோரே வீட்டுப் பார்பேரா

மொன்ட்ரியால்-நோர்
19.11.2006

என் அன்பு மகன் பற்றிக்,

சிட்னியில் நீயும் றோஸ்மேரியும் சுகமாயிருக்க மாதாவை மன்றாடிக்கொண்டு எழுதுகிறேன். எனக்கு முழங்கால் உழைவைத் தவிர வேறு குறையில்லை, அப்பாவின் பிரஷரும் அடங்கியிருக்கிறது. உங்கள் கலியாணக் கார்ட் வந்தது. மாதா படத்துக்குக் கீழே வைத்தேன், அடுத்தநாள் பார்த்தால் குப்பை வாளிக்குள் கிடந்தது, எடுத்துத் துடைத்து என் பைபிளுக்குள் வைத்திருக்கிறேன். கலியாணத்துக்கு வரமாட்டேன் என்பதற்கு றோஸ்மேரியின் சாதியைத் தவிர அப்பாவிடம் வேறு காரணம் இல்லை. கெஞ்சிப் பார்த்தேன், சுவாமியாரைக்கொண்டும் சொல்லுவித்தேன், பூசைக்கு முன்வாங்கில் இருக்கிற மனுசன் அதற்கும் அசையவில்லை.

போன ஞாயிறு நடந்ததை உனக்குச் சொல்லவேண்டும். நீ போனபிறகு நாங்கள் வாடகைக்கு வந்த இந்த வீட்டின் சொந்தக்காரர் எத்தோரே, கீழ்த்தட்டில் மகனோடும் மருமகளோடும் இருக்கிற இத்தாலிக் கிழவர். இத்தாலியில் பியெமொந்தே என்ற பகுதியின் குன்றுகளில் பிறந்தவர். அப்பாவும் அவரும் ஒரே வயது, இரண்டு பேருடைய பிரெஞ்சும் ஒரே உடைசல், அதனாலேயே நல்ல ஒட்டு. இலையுதிர் காலம் வந்தால் இருவரும் ஜான்-டலோன் சந்தைக்குப் போய், வைன் வடிக்கப் பார்பேரா என்ற கறுப்புத் திராட்சையைப் பெட்டி பெட்டியாக ஏற்றி வருவார்கள். நசிப்பது, பீப்பாயைக் கிளறுவது, பிழிவது எல்லாம் கராஜுக்குள், ஆறு வருசமாக அப்பாவின் தோளில்தான் அந்த வேலை. நகக்கண் மார்கழி வரைக்கும் ஊதாவாக இருக்கும். எத்தோரேக்குப் பார்பேரா ஒரு பெண். புளிப்பு அடங்காவிட்டால் "அவளுக்கு இன்னும் கோபம் தீரேல்லை" என்று சொல்லுவாராம். அவர்களுடைய ஊரில் பெரிய ஆட்கள் விலைகூடிய வைனைக் குடிக்க, தோட்டத்தில் முறிகிற சனம் குடித்தது இதைத்தானாம். ஆனால் அறுவடை முடிந்து கார்த்திகையில் புது வைன் திறக்கிற அன்று, உள்ளியும் நெத்தலியும் எண்ணெயில் காய்ச்சி நடுவில் ஒரு சட்டியில் வைப்பார்களாம், வேலைசெய்த எல்லோரும் அந்த ஒரே சட்டியில் மரக்கறியைத் தோய்த்துச் சாப்பிடுவார்களாம், முதலாளியும் அதற்குள்தான் கை வைக்கவேண்டுமாம். அப்பாவுக்கு இந்தக் கதை அவ்வளவு பிடிக்கும். கோயிலில் ஆரைக் கண்டாலும் சொல்லுவார்.

இந்த வருசம்தான் அந்தச் சாப்பாட்டுக்கு எங்களைக் கூப்பிட்டார்கள். அப்பா கோட் போட்டுக்கொண்டு வந்தார். மேசையில் பதினைந்து பேர், நடுவில் மண்சட்டி, அடியில் நெருப்பு. நாங்கள் கதிரையை இழுத்து இருக்க, மருமகள் சிரித்த முகத்தோடு வந்து எங்கள் முன்னால் ஒரு சின்னக் கிண்ணத்தில் அந்தக் குழம்பையும் இரண்டு கடதாசிக் கப்பையும் வைத்தாள். "உங்களுக்கு இது வசதியாயிருக்கும்" என்றாள். மற்ற எல்லோருக்கும் கண்ணாடிக் கிளாஸ். எத்தோரேயின் மகன் பக்கத்திலிருந்தவனிடம் ஏதோ இத்தாலியில் சொன்னான், நாலைந்து பேர் சிரித்தார்கள். எத்தோரே எல்லாவற்றையும் கண்டார், கண்டுவிட்டுத் தன் கையிலிருந்த பாண் துண்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். தான் பிழிந்த வைனை அப்பா கடதாசிக் கப்பில் வாங்கிக் கடைசித் துளி வரைக்கும் குடித்தார். "மெர்சி" என்று நன்றியும் சொன்னார்.

மேலே வந்து கோட்டைக் கழற்றாமலே கட்டிலில் இருந்தார். நான் பாவம் பார்க்கவில்லை மகன். உன் கலியாணத்துக்காக அந்த நேரத்தைப் பிடித்தேன். "ஊரில, இளவாலையில, றோஸ்மேரியின்ர தாத்தா எங்கட வேலி அடைக்க வரேக்க சிரட்டையில தேத்தண்ணி குடுத்தது ஞாபகம் இருக்கோ" என்று கேட்டேன். நிமிர்ந்து பார்த்து, "அது வேற, இது வேற" என்றார். எப்படி வேறு என்று கேட்டேன். "நான் அப்பிடியான ஆள் இல்லை எண்டு இவங்களுக்குத் தெரியாது" என்றார். அந்தச் சிரட்டையில் ஊற்றிக் கொடுத்தது நான்தான், இதை நீ றோஸ்மேரிக்குச் சொல்லு, மறைக்காதே.

புதன்கிழமை எத்தோரே படியேறி வந்தார், நெஞ்சு இளைக்க வாசலில் நின்று தொப்பியைக் கழற்றினார். "நான் அண்டைக்கே வாய் திறந்திருக்கவேணும், என்ர வீட்டில உனக்கு அவமானம் நடந்திட்டுது" என்று அழுதார். அப்பா அவரைக் கட்டிப்பிடித்துத் தானும் அழுதார், ஒருத்தன் மன்னிப்புக் கேட்டு வந்தது அவருக்கு அவ்வளவு ஆறுதல். இப்போது மனம் இளகியிருக்கும் என்று நம்பி, கிழவர் இறங்கிப் போன கையோடு கார்ட்டை எடுத்து முன்னால் வைத்தேன். அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டே அதை இரண்டாகக் கிழித்தார். கலியாணத்துக்கு நான் தனியாகவே போவேன் என்றேன். "போறதெண்டா திரும்பி இந்த வீட்டுப் படி ஏறாதை" என்றார். சரி என்றேன்.

தை நாலாம் திகதி சிட்னிக்கு வந்து இறங்குவேன், விமான நிலையத்துக்கு வந்து நில். வெயிலில் தொப்பி இல்லாமல் திரியாதே, வேலைக்குப் போகுமுன் ஏதாவது சாப்பிடு. உங்கள் இருவருக்கும் என் நிறைந்த ஆசீர்வாதம், மாதா உங்களைக் கைவிடமாட்டா. ஒன்றை மட்டும் மறவாதே, கலியாணம் முடியும்வரை அப்பாவுக்குப் போன் எடுக்காதே. அவர் ஏசமாட்டார், மெல்லிய குரலில் சாப்பிட்டாயா மகன் என்று கேட்பார், நீ இளகிப்போய் அந்தப் பிள்ளையைக் கைவிட்டுவிடுவாய்.

உன் அம்மா
அக்னெஸ் சவிரிமுத்து