கரையில் மடித்தபடி கிடந்த குடை

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக அலமாரியைத் திறந்து அந்தக் கறுப்புக் குடையை எடுத்தேன். வகுப்புக்குக் கொண்டுபோகத்தான். துணி ஈரமாக இருந்தது. ஈப்போவில் மழை பெய்து மூன்று வாரமாகிறது.

நீயாக இருந்தால் உடனே கேட்டிருப்பாய்: "என்னா நடந்திருக்கும்? சொல்லுங்க பாப்போம்."

பத்து காஜா ஊர்ப் பள்ளியில் நாம் இருவரும் ஆங்கில ஆசிரியைகளாக இருந்தபோது, நடந்து முடிந்ததை ஊகித்துச் சொல்லும் அந்தப் பாடத்துக்கு நீ புத்தகத்தையே திறக்கமாட்டாய். மேசைமேல் ஏதாவது ஒரு பொருளை வைப்பாய். ஒருநாள் வார் அறுந்த உன் ஒற்றைச் செருப்பை வைத்தாய்.

"டீச்சர், ஒங்கள நாய் தொரத்தியிருக்கும் லா!" என்றது பின்வரிசை.

"அத இங்கிலீஷ்ல சொல்லு. நாய் அதுவரைக்கும் காத்திருக்கும்."

சிரிப்பு அடங்கியதும், நிச்சயம் இப்படித்தான் என்னும் 'மஸ்ட் ஹேவ்' போட்டுத் தொடங்கிய ஒருத்தியை நிறுத்தினாய். "நாயப் பாத்தியா? கடிச்ச தடம் இருக்கா? ஒத்தச் செருப்ப வச்சுக்கிட்டு அவ்வளவு உறுதியா சொல்லக் கூடாதும்மா. இருக்கலாம்னு மைட் ஹேவ் போதும்."

அந்த வாரச் சனிக்கிழமை நான் ஈப்போவுக்குக் கிளம்பினேன். நாம் குடியிருந்த வீட்டுக்கும் பஸ் நிற்கும் இடத்துக்கும் நடுவே ரப்பர்த் தோட்டம். அதன் ஓரத்தில் ஈயம் தோண்டிய பழைய குட்டை. "சாயங்காலம் மழ வந்தா பஸ் நிக்கிற எடத்துக்குக் குட்டைக்கரை வழியா கொடையோட வாடி. அதுதான் கிட்ட" என்றேன்.

"ஏன், நான் ஒனக்குக் கூலியா? சரி, வாரேன் போ."

சாயங்காலம் மழை கொட்டியது. உன்னைக் காணவில்லை. திட்டிக்கொண்டே பெரிய சாலை வழியாக நனைந்து வீட்டுக்கு வந்தேன். கதவுக்குப் பின்னால் உன் ஆணியில் உன் குடை தொங்கியது. ஒரே கடையில் ஒன்றுபோல வாங்கிய இரண்டில், என்னுடையதை மட்டும் காணோம். என்னைத் தேடி வேறு பக்கம் போயிருப்பாய் என்று நினைத்துத் தலை துவட்டினேன்.

மறுநாள் உன்னைக் குட்டையிலிருந்து எடுத்தார்கள். தோட்டத்தில் வேலையை மேற்பார்க்கும் மண்டோர் ஒரு குடையை நீட்டினார். "டீச்சர், மடிச்ச வாக்குல கரையில கெடந்துச்சு. இது ஒங்களோடதா, அவங்களோடதா?"

"அவளோடது" என்றேன்.

அந்த ஒரு சொல் போதுமானதாக இருந்தது. "கொட்டுற மழையில கொடைய விரிக்காம மடிச்சு வச்சிருக்கா. தானாத்தான் எறங்கியிருப்பா" என்றது தொழிலாளர் குடியிருந்த லயம். மழைக்கு முன்பே நீ கிளம்பியிருக்கலாம், கரை சரிந்திருக்கலாம் என்று சொல்ல யாரும் இல்லை. எனக்கு உதவத்தான் அந்த வழியில் வந்தாய் என்று தெரிந்தவள் நான் மட்டும். நான் வாய் திறக்கவில்லை. காரியம் முடிந்ததும் உன் அம்மா அந்தக் குடையை என்னிடமே கொடுத்தார்: "அவ நெனவா நீயே வச்சுக்கம்மா."

பதினான்கு வருடங்களாகிவிட்டன. ரப்பரை வெட்டி எண்ணெய்க்குச் செம்பனை நட்டுவிட்டார்கள். பாகான் செராயில் இருக்கும் உன் அம்மா, போன தீபாவளிக்கும் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "எங்கிட்டகூடச் சொல்லாமப் போற அளவுக்கு அவளுக்கு என்னாம்மா கொறை வச்சேன்?"

இன்று வகுப்பில் குடையை மேசைமேல் வைத்தேன். குழாய் ஒழுகியிருக்கலாம், அலமாரியில் ஈரம் ஏறியிருக்கலாம் என்று வழியெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டுதான் வந்திருந்தேன். முன்வரிசைப் பெண் அதைத் தொட்டுப் பார்த்தாள்.

"துணி நனைஞ்சிருக்கு. கைப்பிடி மட்டும் காஞ்சு கெடக்கு டீச்சர். இப்பவரைக்கும் யாரோ பிடிச்சிருந்த மாதிரி சூடா இருக்கு."

"அப்படின்னா என்னா நடந்திருக்கும்?"

"யாருக்கோ கொண்டு வந்திருக்காங்க. அவங்க இன்னும் வாங்கிக்கல."

அதை ஆங்கிலத்தில் எழுதச் சொல்லாமல் குடையை மேசையிலிருந்து எடுத்துக்கொண்டேன்.

வீடு திரும்பி இதை எழுதுகிறேன். குடை பக்கத்தில் இருக்கிறது. தரையில் சொட்டுகிறது. வரும் ஞாயிறு பாகான் செராய்க்குப் போய், உன் அம்மாவின் முன்னால் அதை வைத்து, "இது என்னோட கொடைம்மா. நான்தான் அவள வரச் சொன்னேன்" என்று சொல்லப்போகிறேன். இதை இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. குடையைக் காயவைக்கவும் போவதில்லை.