கயிறு வேண்டாம், பெட்டி அனுப்பு

மேல் டிவிஷன் லைன்,
கேமரன் மலை.
வியாழக்கிழமை.

அன்பு மகள் சுபத்ராவுக்கு,

அம்மா எழுதுவது. நீ அங்கே சுகமாக இருக்க வேண்டும், குளிருக்கு இரண்டு ஸ்வெட்டராகப் போட்டுக்கொள்ள வேண்டும், வேளைக்குச் சாப்பிட வேண்டும். இங்கே நாங்களும் சுகம் என்று அடுத்த வரியை எழுதித்தான் கை பழகியிருக்கிறது. இந்தத் தடவை அதை எழுதவில்லை. பயந்துவிடாதே, அப்பா இருக்கிறார், இதோ எதிரே நாற்காலியில் உட்கார்ந்து நான் எழுதுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அதை முதலில் மனதில் வாங்கிக்கொண்டு மற்றதைப் படி. போனில் சொல்லலாமே என்று கேட்பாய். போனில் சொன்னால் நீ அழுவாய், நீ அழுதால் நான் அழுவேன், உன் அப்பா போனை வாங்கி ஒன்றுமில்லம்மா என்று சொல்லி வைத்துவிடுவார். நாலு மாதமாக அப்படித்தான் ஓட்டினோம், அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

நீ அனுப்பிய பார்சல் போன செவ்வாய்க்கிழமை வந்தது. அப்பா ரிமோட்டில் ஓட்டும் அந்தச் சின்ன நைட்ரோ லோரிக்கு எஞ்சினைக் கிளப்பப் புதுக் கயிறு ஸ்டார்ட்டர், அவருக்கு ஒரு தொப்பி, எனக்குக் கம்பளிக் காலுறை. தொப்பியும் காலுறையும் எங்களிடம் இருக்கட்டும். ஸ்டார்ட்டரை மட்டும் இந்தக் கடிதத்தோடு திருப்பி அனுப்புகிறேன், கடையில் கொடுத்து வேறொன்று மாற்ற வேண்டும். நீ தப்பாக வாங்கவில்லை கண்ணு. கயிறு அறுந்துவிட்டது என்று நாங்கள் சொன்னோம், நீ கயிறு வாங்கி அனுப்பினாய். கயிறு அறுந்தது உண்மைதான், ஆனால் யார் அறுத்தது, ஏன் அறுந்தது என்று நாங்கள் சொல்லவில்லை. அதைச் சொல்லாமல் எந்த ஸ்டார்ட்டர் வேண்டும் என்று சொல்ல முடியாது.

மார்ச் மாதத்தில் அப்பாவுக்கு ஸ்ட்ரோக் வந்தது. காலையில் வொர்க்‌ஷாப்பில் ஸ்பேனர் கையிலிருந்து நழுவியிருக்கிறது, எடுக்கக் குனிந்தவர் எழுந்திருக்கவில்லை. எஸ்டேட் ஆபீஸ் கிராணி தன் காரிலேயே தானா ராத்தா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார், அங்கிருந்து ஈப்போவுக்கு அனுப்பினார்கள், ஒன்பது நாள் இருந்தோம். உயிருக்கு ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்ன பிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது. கால் தேறிவிட்டது, நடக்கிறார். பேச்சு மூன்று வாரம் குழறிக் குழறிப் பிறகு தெளிந்தது. அந்த மூன்று வாரமும் மலையில் ஒரே மழை, லைன் கிடைக்கவில்லை என்று உனக்கு மெசேஜ் போட்டேனே, அப்போது மழையே இல்லை சுபா. வலது கைதான் இன்னும் வரவில்லை. விரல் அசைகிறது, மெதுவாக எதையாவது திருப்பும், ஆனால் இறுக்கிப் பிடித்து இழுக்கப் பலம் இல்லை. போனில் முகம் பார்த்துப் பேசும்போதெல்லாம் குளிருகிறது என்று சால்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தாரே, குளிருக்கு இல்லை, அந்தக் கையை மறைக்கத்தான்.

உன்னிடம் சொல்லக் கூடாது என்று முதலில் சொன்னது அவர். முழுப் பழியையும் அவர் மேல் போட மாட்டேன். ஆஸ்பத்திரிப் படுக்கையில் நாக்குப் புரளாமல், அவ வெளிநாடு போயி ரெண்டு மாசங்கூட ஆவல, ஆறு மாசம் பார்த்துட்டுத்தான் வேலைய நிரந்தரம் பண்ணுவாங்க, சொன்னா டிக்கெட் போட்டு ஓடி வந்துருவா லா, அப்புறம் அந்த வேலை என்னாவுறது என்று கேட்டார். எனக்கும் அது நியாயமாகப் பட்டது, தலையாட்டினேன். அந்தப் பால்மாவு ஃபேக்டரியில் வேலை கிடைக்க நீ எத்தனை பேப்பர் அனுப்பினாய், எத்தனை தடவை காத்திருந்தாய் என்று எனக்குத் தெரியாதா. ஆனால் ஒரு பொய் சொன்னால் அதற்குத் துணைக்கு வாராவாரம் ஒன்று சொல்ல வேண்டியிருக்கும் என்று அப்போது யோசிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணி ஆவதற்குள் அந்த வாரத்துப் பொய்யை நான் தயார் பண்ணி வைக்க வேண்டும். நீ கோலாலம்பூரில் முதல் சம்பளத்தில் அந்த லோரியை வாங்கிக் கொடுத்த நாளிலிருந்து நம் வீட்டில் ஒரு வழக்கம் உண்டே, நீ போன் பண்ணுவாய், அப்பா லோரியைப் போனுக்கு முன்னால் வைத்துக் கயிற்றை இழுப்பார், எத்தனாவது இழுப்பில் எஞ்சின் பிடிக்கிறது என்று நீ எண்ணுவாய். இரண்டுக்கு மேல் போனால் கிழவனாகிவிட்டீர்கள் என்று கிண்டல் செய்வாய். ஏப்ரலில் ஒரு ஞாயிறு, லோரி சத்தம் கேட்டு ரொம்ப நாளாச்சே என்று நீ கேட்டாய். அப்பா என்னைப் பார்த்தார். எனக்கு என்ன தோன்றியதோ, அவருடைய நீல ஜெர்சியை மாட்டிக்கொண்டு லோரிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். அவர் போனை இடது கையில் தாழப் பிடித்தார், உனக்கு லோரியும் ஜெர்சிக் கையும் மட்டும்தான் தெரியும். அன்று நீ பார்த்தது என் கை.

இருபத்திரண்டு வருஷம் தேயிலைக் கொழுந்து வெட்டும் மெஷினோடு மல்லுக்கட்டியவள் நான். அந்த மெஷினுக்குக் கயிற்றைத் தோளுக்கு மேலே வரைக்கும் ஒரே வீச்சில் இழுக்க வேண்டும், பாதியில் விட்டால் எஞ்சின் பிடிக்காது. கயிறு என்றால் எனக்கு அந்த இழுப்புத்தான் தெரியும். உன் அப்பாவின் லோரிக்கு ஒரு சாண், மிஞ்சினால் ஒன்றரைச் சாண், வெடுக் வெடுக்கென்று சின்னதாக இழுக்க வேண்டும் என்று அத்தனை வருஷம் பார்த்தும் நான் கவனிக்கவில்லை. நாலு மாதமாக... இல்லை, அப்போது ஒரு மாதம், ஒரு மாதமாக ஓடாத எஞ்சின் வேறு, எண்ணெய் அதிகமாக இறங்கி இறுகிக் கிடந்தது. தோளுக்கு ஒரு இழுப்பு இழுத்தேன், கயிறு கைப்பிடியோடு என் மடியில் வந்து விழுந்தது. அங்கிருந்து நீ சிரித்தாய். அப்பாவுக்கு இன்னும் என்னா பலம் என்று சொன்னாய். அதைக் கேட்டதும் உன் அப்பா போனை மேசையில் கவிழ்த்து வைத்தார், லைன் போய்விட்டது என்று நான் பிறகு மெசேஜ் போட்டேன். இத்தனை வருஷத்தில் அவர் முகம் அப்படிப் போனதை நான் பார்த்ததில்லை.

அதற்குப் பிறகு கயிறு அறுந்ததே எங்களுக்கு வசதியாகப் போய்விட்டது. லோரி எங்கே என்று நீ கேட்டால் கயிறு இல்லையே என்று சொன்னோம். நீ பாவம், சாமான் தேடி வாங்கி அனுப்பிவிட்டாய். செவ்வாய்க்கிழமை பார்சலைப் பிரித்ததும் அவர் லோரியை மடியில் வைத்து இடது கையாலேயே மாட்டப் பார்த்தார். நாலு திருகாணி. முதல் இரண்டு கீழே விழுந்து அலமாரிக்கு அடியில் போனது, நான் குனிந்து எடுத்தேன், மறுபடி விழுந்தது. எத்தனை ட்ராக்டரைப் பிரித்துப் பூட்டிய மனிதன். நான் மாட்டட்டுமா என்று கேட்டேன், லோரியை மேசையில் வைத்துவிட்டார். மறுநாள் வேலப்பனுக்குப் போன் போட்டார். வேலப்பனை நீ பார்த்ததில்லை, திரிங்காப்பிலிருந்து காய்கறி லோரி ஓட்டுகிறவர், அவரிடமும் இப்படி ஒரு நைட்ரோ லோரி உண்டு, இரண்டு பேரும் திடலில் ஒன்றாக விடுவார்கள். அவரிடம், வந்து எடுத்துட்டுப் போ, எனக்கு இனிமே வேணாம் என்று சொன்னார். அடுப்படியில் நின்ற எனக்கு, அதைக் கொடுக்கவே கூடாது என்று தோன்றியது.

ஏன் என்று சொல்கிறேன். ஆஸ்பத்திரியில் கைக்குப் பயிற்சி சொல்லித் தரும் பெண் ஒரு ரப்பர் பந்து கொடுத்தாள், அமுக்கிக்கொண்டே இருக்க வேண்டும், சும்மா விட்டால் விரல் இறுகிவிடும் என்று தெளிவாகச் சொன்னாள். பந்து கொடுத்த பையிலேயே இருக்கிறது. திடல் பக்கம்கூடப் போவதில்லை, நாலு பேர் பார்ப்பார்களாம். காலையில் அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் இருட்டும்வரை அங்கேதான். அந்த லோரியும் வீட்டை விட்டுப் போனால் இவர் நாற்காலியை விட்டு எழுந்திருக்க ஒரு காரணமும் இருக்காது என்று எனக்குப் பயம். நான் பயப்படுகிறவள் இல்லை என்று உனக்குத் தெரியும். இதற்குப் பயந்தேன்.

நல்லவேளை, வேலப்பன் ஞாயிற்றுக்கிழமை லோரியை எடுத்துப்போக வரவில்லை, தன் சாமான்களை எல்லாம் தூக்கிக்கொண்டு வந்தார். ஸ்டார்ட்டர்ல மூணு வகை இருக்குண்ணே என்று எங்கள் இருவரையும் உட்கார வைத்துச் சொன்னார். கயிற்றுக்கு ஒரு கை வண்டியை அழுத்த வேண்டும், ஒரு கை இழுக்க வேண்டும், பேட்டரி எதுவும் வேண்டாம், ஆனால் இரண்டு கையும் வேண்டும். அடுத்தது துப்பாக்கி மாதிரி பிடிப்பது, எஞ்சினுக்குப் பின்னால் கம்பியைச் சொருகிப் பட்டனை அழுத்தினால் அதுவே சுற்றும். எனக்கு அது பிடித்தது, அதையே வாங்கலாம் என்று அவசரப்பட்டேன். அப்பா இடது கையால் பிடித்துப் பார்த்தார், எஞ்சின் சுற்றுவதற்குப் பதில் லோரியே திரும்பிக்கொண்டு போனது, அதையும் ஒரு கை அழுத்திப் பிடிக்க வேண்டுமே. மூன்றாவது வகைதான் பெட்டி. உள்ளே பேட்டரியும் மோட்டாரும், மேலே ஒரு ரப்பர் சக்கரம். லோரியின் அடித்தட்டில் எஞ்சின் சக்கரத்துக்கு நேரே ஒரு பிளவு இருக்க வேண்டும், எல்லா வண்டிக்கும் இருக்காதாம், வேலப்பன் நம் லோரியைக் கவிழ்த்துப் பார்த்தார், இருந்தது. ப்ளக்கைச் சூடாக்கும் குச்சியை மாட்டிவிட்டு லோரியைப் பெட்டி மேல் வைத்து, மேலிருந்து உள்ளங்கையால் அழுத்தினால் போதும். ஒரு கை. இடது கையே போதும்.

ஆனால் பெட்டி கனம். உன் அப்பா உடனே அதைப் பிடித்துக்கொண்டார். யாரு திடலுக்குத் தூக்கிட்டு வர்றது, பொண்டாட்டி தூக்கிட்டு வர நான் பின்னால நடந்து வரணுமா என்று கேட்டார். எனக்கு வந்ததே கோபம். நாப்பது கிலோ கொழுந்து மூட்டைய நான் முதுகுல சுமந்தப்ப உங்களுக்கு வெக்கமா இல்ல, அந்தக் கூலியில சாப்பிட்டப்ப வெக்கமா இல்ல, இப்ப ஒரு பெட்டிக்கு வெக்கம் வந்துருச்சா என்று வேலப்பன் முன்னாலேயே கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது. கேட்டுவிட்டேன். அவர் எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டார்.

நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் போனேன், அவர் லோரியை இடது கையில் அணைத்துக்கொண்டு பின்னால் வந்தார். கோயிலுக்குப் போய் வந்த நாலைந்து பேர் பார்த்தார்கள், பார்த்துவிட்டுப் போனார்கள், அவ்வளவுதான். திடலில் குந்தி உட்கார்ந்து, உள்ளங்கையால் ஒரு அழுத்து அழுத்தினார். முதல் தடவை சுற்றியது, பிடிக்கவில்லை. இரண்டாவது தடவை பிடித்தது. நாலு மாதத்துக்குப் பிறகு அந்தச் சத்தம், சுபா. இந்த இரைச்சலுக்கு எத்தனை நாள் உங்கள் இருவரையும் திட்டியிருப்பேன். ரிமோட்டின் பிடியும் விசையும் இடது கைக்குத்தான், லோரியைத் திருப்பும் சின்னச் சக்கரத்துக்கு வலது கை வேண்டும். வலது முழங்கையை முட்டியில் ஊன்றி விரலை வைத்தார். லோரி இடது பக்கமே சுற்றிச் சுற்றி வந்தது, வலது பக்கம் திருப்பப் பார்த்தார், விரல் மெதுவாக வந்தது, அதற்குள் லோரி தேயிலை ஓரத்துத் தண்ணீர்க் கானில் போய் விழுந்தது. வேலப்பன் எடுக்க ஓடினார். உன் அப்பா ரிமோட்டை மடியில் வைத்துக்கொண்டு அழுதார். ஆஸ்பத்திரியில்கூட அழாதவர். கொஞ்ச நேரம் கழித்து, மகளுக்கு எழுது, எல்லாத்தையும் எழுது என்றார். இந்த நாலு நாளாக அந்த ரப்பர் பந்து மேசைக்கு வந்திருக்கிறது.

அதனால் பெட்டி வாங்கி அனுப்பு. பேட்டரி வேண்டாம், பார்சலில் வராதாம், இங்கேயே வாங்கிக்கொள்கிறோம். சூடாக்கும் குச்சி மாட்டினால் தானாக நிற்கிற மாதிரி பார்த்து வாங்கு, பிடித்துக்கொண்டே இருக்க வேண்டியது வேண்டாம். கயிறு இருந்த இடத்தை மூட ஒரு தகடும் வேண்டும் என்று வேலப்பன் சொல்லச் சொன்னார்.

இன்னொன்று. போன வாரம் வேலை நிரந்தரம் ஆகிவிட்டது என்று சொன்னாய், இனி அதைச் சாக்காகச் சொல்லவும் எங்களுக்கு வழியில்லை. இதைப் படித்ததும் வரத்தான் நினைப்பாய். வா என்றும் சொல்ல மாட்டேன், வராதே என்றும் சொல்ல மாட்டேன். நாலு மாதம் உனக்குப் பதிலாக நாங்கள் முடிவு செய்தோம், உன் அப்பாவின் கையைப் பற்றித் தெரிந்துகொள்ளும் உரிமை உனக்கு இருந்தது, அதை எடுத்துக்கொண்டோம். தப்பு எங்களுடையது. என்னை மன்னித்துவிடு. இனி நீ முடிவு செய், எதுவானாலும் அம்மாவுக்குச் சம்மதம். போனில் பார்த்தும் தெரியவில்லையே என்று மட்டும் உன்னை நீ நொந்துகொள்ளாதே, உனக்குத் தெரியக் கூடாது என்று இரண்டு பேர் பாடுபட்டிருக்கிறோம்.

முருகன் உன்னைக் காப்பான், எங்கள் ஆசி எப்போதும் உன்னோடு இருக்கும். கடிதம் கைக்கு வந்த பிறகு வரும் ஞாயிறு நாலு மணிக்கு மறக்காமல் போன் பண்ணு. சால்வை இருக்காது. கீழே உள்ள பெயரை எழுத அப்பாவுக்குக் கால் மணி நேரம் ஆனது, நான் எழுதட்டுமா என்று கேட்டேன், பேனாவைத் தரவில்லை. எழுத்து கோணலாக இருக்கிறதே என்று பார்க்காதே, வலது கையால் எழுதினார்.

உன் அம்மா ருக்குமணி

அப்பா செல்லையா