அழிந்தது என்று பெயர் கொண்ட அரசன்

கெய்ரோ, ஷுப்ரா
மார்ச் 9

அன்புள்ள ரவூஃப் அவர்களுக்கு,

இறைவன் அருளால் நானும் ரீஹாமும் நலம். நான்கு மாதமாகக் கைபேசியில் அனுப்பியது எதையும் நீங்கள் திறந்து பார்க்கவில்லை. மஸ்கட்டில் உங்களோடு வேலை பார்க்கும் சப்ரியின் மனைவி விடுமுறைக்கு வந்திருக்கிறாள், அவளிடம் கேட்டேன். "அவருக்கென்ன, நல்லாத்தான் இருக்காரு" என்றாள். ஏற்கெனவே துடைத்த தட்டை மறுபடி துடைத்துக்கொண்டே சொன்னாள். நாளை மறுநாள் திரும்புகிறாள். கடிதத்தை அவள் கையிலேயே கொடுக்கிறேன்.

அருங்காட்சியகத்தில் வேலை அதிகம். பழைய அரசர்களின் பெயர்ப் பட்டியல் எழுதிய பாப்பிரஸ் சுருள் ஒன்று இத்தாலியில் இருக்கிறதே, அதன் முழு அளவுப் புகைப்படத்தை இங்கே வைக்கப் போகிறார்கள். குறிப்பு எழுதுவது என் பொறுப்பு. சுருள் நொறுங்கிச் சில்லுச் சில்லாகக் கிடக்கிறது. சுத்தம் செய்ய வரும் பயூமி மாமா எட்டிப் பார்த்துவிட்டு, "டாக்டரம்மா, எங்க வீட்டுல அப்பளத்து மேல உக்காந்துட்டா இப்பிடித்தான் இருக்கும்" என்றார்.

அதில் ஓர் அரசனின் பெயர் 'ஹுஜெஃபா'. அரசர் பெயருக்கே உரிய வளையத்துக்குள் எழுதி, ஆண்ட காலமும் போட்டிருக்கிறது. ஆனால் அந்தச் சொல்லுக்கு 'அழிந்தது' என்றுதான் பொருள். முன்பிருந்த ஏட்டில் பெயர் சிதைந்திருக்க, நகலெடுத்தவர் நேர்மையாக 'அழிந்தது' என்று குறித்திருக்கிறார். பின்னால் வந்தவர் அதையே பெயர் என்று எடுத்துக்கொண்டார். அறிஞர்கள் அப்படித்தான் நினைக்கிறார்கள். நானும் சிரித்துக்கொண்டேதான் குறிப்பு எழுதினேன்.

மறுநாள் ரீஹாமின் பள்ளியில் தேர்வுப் பட்டியல் ஒட்டினார்கள். அதில் நம் மகள் 'ரீஹாம் முஸாஃபிர்'.

படிவத்தை அவளே நிரப்பியிருக்கிறாள். தந்தை என்ற கட்டத்தில் 'முஸாஃபிர்', அதாவது வெளிநாடு போயிருக்கிறார், என்று எழுதியிருக்கிறாள். எழுத்தர் அம்மாள் அதைப் பெயராக ஏற்றிவிட்டார். "உங்க பொண்ணு எழுதினதத்தானே நான் எழுதினேன்? முஸாஃபிர்னு யாருக்கும் பேரே இருக்காதா?" என்று என்னையே கேட்டார். பிறப்புச் சான்றிதழை நீட்டினேன். "இது போதாதும்மா. திருத்தணும்னா அப்பா வரணும். இல்லேன்னா தூதரக முத்திரையோட கையெழுத்துப் போட்டு அனுப்பச் சொல்லுங்க. முப்பதாம் தேதி பட்டியல மூடிருவோம்" என்றார். அதன் பிறகு தேர்வுச் சான்றிதழில் முஸாஃபிர்தான். உயர்நிலைப் பள்ளியில் அந்தச் சான்றிதழையும் பிறப்புச் சான்றிதழையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள்.

வீட்டுக்கு வந்து ரீஹாமிடம் கத்தினேன். அவள் முலுக்கியா கீரைக் கிண்ணத்தைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னாள்: "அப்பாவப் பத்தி யாரு கேட்டாலும் முஸாஃபிர்னு மட்டும் சொல்லுன்னு நீதானம்மா சொன்ன?"

உண்மைதான். மாடி வீட்டுக்காரிக்கும் உங்கள் அக்காவுக்கும் ரொட்டிக் கடைக்காரருக்கும் நானும் அந்த ஒரு சொல்லைத்தான் சொல்லி வருகிறேன். சொல்லும்போது பொய்யாகப் படவில்லை. பட்டியலில் அச்சாகிப் பார்த்த பிறகு அதைச் சொல்ல வரவில்லை. அன்றிலிருந்து அந்த அரசனைப் பற்றிய குறிப்பைத் தொடவில்லை.

நான் எதுவும் கேட்கப் போவதில்லை. எங்கே தங்கியிருக்கிறீர்கள், யாருடன், எப்போது வருவீர்கள், எதுவும் வேண்டாம். எனக்கு எழுத உங்களுக்கு மனமில்லை என்றால் எழுத வேண்டாம். தூதரகத்துக்குப் போய் அந்த ஒரு தாளில் உங்கள் முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்திட்டு, நேராகப் பள்ளிக்கே அனுப்பிவிடுங்கள். முகவரி பின்பக்கத்தில் இருக்கிறது. ரீஹாமே எழுதினாள், அழகான கையெழுத்தில். உங்கள் பெயரை அவளுக்கு நன்றாகவே எழுதத் தெரியும்.

எங்கிருந்தாலும் இறைவன் உங்களைக் காக்கட்டும். முப்பதாம் தேதியை மறந்துவிடாதீர்கள்.

இப்படிக்கு,
ரீஹாம் ரவூஃபின் அம்மா,
இனாஸ்